விளையாட்டு டீச்சர் வாங்கிய சரித்திரக் கதைகள்

சந்திரிகாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சிறுவயதிலிருந்தே அப்படித்தான். தி.நகரில் அவள் அப்பா சண்முகசுந்தரம் பாத்திரக் கடை வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எவர்சில்வரில் காலூன்றிய குடும்பம். பள்ளி விட்டு வந்ததும் பெண் கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அரைப் பக்கம் முடிவதற்குள் ஸ்டூல் காலியாகிவிடும். அவள் பரண்மேல் ஏறித் தூக்குவாளிகளை இறக்கிக்கொண்டிருப்பாள். இல்லையென்றால் பண்டிகைக் கூட்டத்துக்குள் புகுந்து உஸ்மான் ரோடு வரை ஓடிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பிக்கொண்டிருப்பாள். "இவ கால்ல சக்கரத்தை யாரு கட்டிவிட்டா?" என்று அப்பா அலுத்துக்கொள்வார்.

அந்தச் சக்கரம்தான் பின்னால் அவளுக்குச் சோறு போட்டது. தடை தாண்டும் ஓட்டத்தில் மாநில அளவில் மெடல் வாங்கினாள். மயிலாப்பூரில் அரசு உதவி பெறும் பழைய பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர் ஆனாள். கல்யாணமாகி வேளச்சேரிக்குக் குடிபோன பிறகு தினமும் பறக்கும் ரயிலில் வந்து போனாள். உட்கார இடம் இருந்தாலும் கதவோரம் நின்றுகொண்டுதான் வருவாள்.

போன வருஷ மழைக்காலத்தில் மைதானம் ஈரமாக இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குத் தடையை எப்படித் தாண்டுவது என்று காட்டுகிறேன் பேர்வழி என்று அவளே ஓடித் தாண்டினாள். தாண்டியது சரியாகத்தான் இருந்தது. இறங்கிய கால்தான் சறுக்கியது. முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் அவளுக்கே கேட்டது. ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று: ஒரு வருஷத்துக்கு ஓட்டம், குதிப்பு எதுவும் கூடாது.

பள்ளிக்குத் திரும்பிய அன்று தலைமை ஆசிரியை சுப்புலக்ஷ்மி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மாடவீதியிலேயே பிறந்து வளர்ந்தவர். யாரையும் திட்ட மாட்டார். ஆனால் அவர் சொன்ன பிறகு மறுத்துப் பேச வராது.

"லைப்ரரி பூட்டியே கெடக்கு. இருந்தவா ரிடையர் ஆயாச்சு, போஸ்டிங்கும் வரலை. உங்களுக்கும் ஒரு வருஷம் ஓடப்டாதுங்கறா. அங்க போய் நிம்மதியா உக்காந்துக்கோங்கோ."

"மேடம், எனக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமே கிடையாது."

"பசங்களுக்கும்தான் கிடையாது. சேர்ந்து ஏதாவது பண்ணுங்கோ."

நிம்மதி என்று அவர் சொன்ன அந்த அறை சந்திரிகாவுக்கு ஜெயிலாகப் பட்டது. மாடியில் மூன்று ஜன்னல். மூன்றும் மைதானத்தைப் பார்த்தபடி. கீழே யாரோ விசில் ஊதுவது கேட்கும்போதெல்லாம் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். முழங்கால் பட்டையோடு அங்குமிங்கும் நொண்டியபடி அலமாரிகளைச் சுற்றுவாள். நூலக வகுப்பு என்று வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோ வந்த வேகத்தில் மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது தூங்கும் பீரியட்.

இந்த நேரத்தில்தான் அனந்தராமன் வந்தார். அந்தப் பள்ளியின் பழைய மாணவர். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்தார். எட்டு, ஒன்பது வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரித்திர நாவல் வாங்க நன்கொடை தருவதாகச் சொன்னார். வேறு எதற்கும் அதைச் செலவழிக்கக் கூடாது என்பது நிபந்தனை.

"பதிமூணு வயசுல சரித்திர நாவல் பிடிச்சுக்கணும். அப்பப் பிடிக்கலைன்னா அப்புறம் ஜன்மத்துக்கும் இல்லை" என்றார். எந்தப் புத்தகங்கள் என்றும் அவர் மனதில் இருந்தது. ராஜாக்கள், மந்திரிகள், சுரங்கப் பாதைகள், தடித்தடியான பாகங்கள். மாதிரிக்கு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் சந்திரிகா அதிலிருந்து முதல் பக்கத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாள். ஓர் அரண்மனை வாசலின் வர்ணனை. பக்கத்தைத் திருப்பினாள். இன்னும் வாசல்தான். நிமிர்ந்து பார்த்தால் ஒரு பெஞ்சு முழுக்கத் தூங்கிவிட்டிருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கே கண் சொருகியது.

"டேய் செம்பியா, உன் பேரே சோழ ராஜா பேராச்சே. நீயாவது எடுத்துட்டுப் போ" என்று விழித்திருந்த ஒருவனிடம் நீட்டினாள்.

"அதனாலதான் மிஸ் வேணாம்" என்றான் அவன். "எங்கப்பா டெய்லி அதான் சொல்றாரு. சோறு துன்றப்போ கூட. ஊட்ல இதே மாதிரி எட்டு கீது."

அவன் அப்பா பொன்னுரங்கம் மந்தைவெளியில் தண்ணீர் கேன் வியாபாரம் செய்பவர். சோழர்கள் மேல் அவருக்கு அப்படி ஒரு பித்து. கேன் ஏற்றும் வண்டியின் முன்பக்கம் புலிக்கொடி வரைந்து வைத்திருந்தார். மகன் அந்தப் புத்தகங்களைத் தொடவே இல்லை.

பள்ளி இல்லாத சனிக்கிழமைகள் சந்திரிகாவுக்குப் புத்தகக் கடைகளில் கழிந்தன. தி.நகர், மயிலாப்பூர், ராயப்பேட்டை. கடைக்காரர் "எந்த வயசுக்கு?" என்பார். பதிமூன்று, பதினான்கு என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சின்னக் குழந்தைகளின் படப் புத்தகத்தை எடுத்துத் தருவார். அட்டையில் யானை சிரித்துக்கொண்டிருக்கும். மீசை அரும்பும் பையன் அந்த அட்டையோடு வராந்தாவில் நடந்தால் அவன் கதி என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்றால் அடுத்ததாக வருவது அனந்தராமன் சொன்ன தடிப் பாகங்கள். இரண்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. ஆங்கிலத்தில் நிறைய இருந்தன. ஆனால் அவை ஐரோப்பாவில் நடந்த யுத்தங்களைப் பற்றியவை. ஊர்ப் பெயரையே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தால் பிள்ளை இரண்டாம் பக்கத்துக்கு எங்கே போகப்போகிறது?

கடையில் நின்றபடியே பார்த்து முடிவு செய்ய அவளால் முடியவில்லை. கிடைத்ததில் ஒல்லியானவற்றை வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். படிக்க உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுவாள். கடைசியில் வேறு வழி அகப்பட்டது. முழங்காலுக்குப் பயிற்சி தருபவர் தினமும் கணுக்காலில் மணல் பை கட்டிக் காலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டாள். சில புத்தகங்களைப் படிக்கும்போது எண்ணிக்கை பிசகாமல் போகும். அவற்றை ஒதுக்கிவிட்டாள். ஏதாவது ஒன்றில் எத்தனை தடவை தூக்கினோம் என்பதே மறந்துபோனால், அது பள்ளிக்கு.

அது ஒன்றும் தப்பாத அளவுகோல் இல்லை. சிப்பாய்க் கலகத்தைப் பற்றிய ஒரு கதை அவளுக்குப் பிடித்திருந்தது. சண்டை இருப்பதால் பையன்கள் பாய்ந்து எடுப்பார்கள் என்று நினைத்தாள். அவர்கள் அட்டையில் இருந்த துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, "கேம்ல இதவிட நல்லா இருக்கும் மிஸ்" என்று திருப்பி வைத்தார்கள். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிய இன்னொன்றை ஒரு பெண் ஒரே மூச்சில் படித்து முடித்தாள். பிறகு இரண்டு நாள் மதியச் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள். அம்மா பள்ளிக்குப் போன் செய்தார். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தைக் கேட்பவர்களிடம் சந்திரிகா முன்கூட்டியே சொல்லிவிடுவாள்: "இது வயித்தைக் கலக்கும். பரவாயில்லையா?" அப்படிச் சொன்னதாலேயே நாலு பேர் கேட்டார்கள்.

பிள்ளைகள் எதற்கு நிமிர்கிறார்கள் என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. ராஜா என்ன சொன்னார் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. அந்தக் காலத்தில் தங்கள் வயதுப் பிள்ளை காலையில் எழுந்து என்ன செய்தது, யாரிடம் அடி வாங்கியது, எதற்குப் பயந்தது என்று வந்தால் காதைக் கொடுத்தார்கள். அதனால் அவள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டுவதை விட்டுவிட்டாள். யாராவது எங்கிருந்தாவது தப்பி ஓடும் இடமாகப் பார்த்துத் திறப்பாள். நடந்துகொண்டே படிப்பாள். அடுத்தது என்ன என்று யாராவது கேட்கும் இடத்தில் மூடிவிடுவாள்.

அப்படித்தான் கரடிக்குட்டியின் கதையைப் படித்தாள். நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும் சின்னப் புத்தகம். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற பயத்தில் சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறுகிறது. சென்ட்ரல் பக்கத்தில் அப்போது இருந்த மிருகக்காட்சி சாலையில் கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலி, கரடி எல்லாவற்றையும் சுடப் போகிறார்கள். அங்கே வேலை பார்ப்பவரின் மகளுக்குப் பதிமூன்று வயது. சுடுவதற்கு முதல் நாள் இரவு அவள் ஒரு கரடிக்குட்டியைத் திருடிச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையோடு காலியான ஊருக்குள் நடக்கிறாள். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் தாண்டி, அடையாற்றுத் தோப்புகளில் அதை விட்டுவிட வேண்டும். விடிவதற்குள்.

அவள் சாக்கோடு ரிப்பன் கட்டடத்தின் பின்பக்கம் குனிந்து ஓடும் இடத்தில் சந்திரிகா புத்தகத்தை மூடினாள். செம்பியன் கையைத் தூக்கினான்.

"மிஸ், இது நிஜமா?"

"எது?"

"சிங்கத்தல்லாம் சுட்டது. அந்தப் பொண்ணு. அல்லாமே."

"தெரியலைடா."

டீச்சர் ஒருத்தர் தெரியாது என்று சொன்னதை அவன் அதிசயமாகப் பார்த்தான். "எங்கப்பாவ எது கேட்டாலும் நிஜம்தாம்பாரு. கேக்கவே கூடாது. இதுல எது நிஜம், எது உடான்ஸ் வுட்றதுன்னு எப்டி மிஸ் கண்டுபுடிக்கிறது?"

"படிச்சுப் பாரு. எது பொய்னு உனக்குத் தோணுதோ எனக்கு வந்து சொல்லு."

அவன் அன்றைக்கே அதை வாங்கிக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து சந்திரிகாவைக் கண்ட இடத்திலெல்லாம் மடக்கினான். படிக்கட்டில், குழாயடியில், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில். கரடிக்குட்டி கத்தாதா? ஊரே காலியென்றால் நாய்க்கு யார் சோறு போட்டார்கள்? சரித்திர ஆசிரியரைக் கேட்டால், அது பாடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டாராம். எல்லாவற்றையும்விட ஒரு கேள்வி அவனைத் தின்றது: அத்தனை தூரத்தை ஒரே ராத்திரியில், குட்டியையும் சுமந்துகொண்டு, ஒரு பெண்ணால் நடக்க முடியுமா?

"முடியாது மிஸ். அங்க வுட்டிருக்காங்க கதை" என்றான்.

"நான் உன் வயசுல நடந்திருப்பேன்" என்றாள் சந்திரிகா. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் பொன்னுரங்கம் பைக்கில் வாசலில் வந்து நின்றார். மகன் வெளியே வரவில்லை. வகுப்பில் விசாரித்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே அவன் இல்லை. பக்கத்து பெஞ்சுப் பையனைத் தலைமை ஆசிரியை முன்னால் நிறுத்தினார்கள். அவன் சந்திரிகாவைப் பார்த்தபடியே சொன்னான்: "பார்க் டவுனுக்கு ரயில்ல போய் அங்கேர்ந்து நடந்து வரேன்னான் மேடம். கரடிக்குட்டி மேட்டரு."

சுப்புலக்ஷ்மி சந்திரிகாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை போதுமாக இருந்தது. கால்வாய் என்றதும் சந்திரிகாவின் நினைப்பு கரையில் நிற்கவில்லை, தண்ணீருக்குள்ளேயே போய்விட்டது.

"வண்டியை எடுங்க சார். நானும் வரேன்" என்று பொன்னுரங்கத்திடம் சொன்னாள்.

ரயில் பாதை கால்வாய்க்கு மேலேயே தூண் நட்டுப் போகிறது. அதை ஒட்டி எங்கெல்லாம் தெரு இருக்கிறதோ அங்கெல்லாம் அவர் பைக்கை விட்டார். திருமயிலை நிலையத்தின் அடியில் ஒரு சுற்று. அடுத்து கலங்கரை விளக்கம். அவள் பின்னால் உட்கார்ந்து, காலை நீட்ட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சீருடைச் சட்டையையும் பார்த்தாள். பள்ளி விடும் நேரம். ஊரெல்லாம் சீருடைகள்.

"இன்னா டீச்சர் இது" என்றார் பொன்னுரங்கம், தலையைத் திருப்பாமல். குரலில் கோபத்தைவிட வேறேதோ இருந்தது. "எத்தினி புக்கு வாங்கிக் குட்த்திருக்கேன் தெரியுமா அவனுக்கு? ராசராசன், ராசேந்திரன், அல்லாம் கீது. ஒண்ணத் தொட்டுப் பாக்கல. ஒரு கரடிக்காக ஓடிப் போய்க்கீறான்."

"கொஞ்சம் வேகமாப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

திருவல்லிக்கேணி நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சந்து முனையில் அவனைக் கண்டார்கள். ஒரு கட்டைச் சுவர்மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் கால்வாய்க்கு வழி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். புத்தகப் பை முதுகில் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொள்வதைப் போல மார்போடு கட்டியிருந்தான். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. ஒரு செருப்பின் வார் அறுந்து, அதைக் கையில் பிடித்திருந்தான்.

பொன்னுரங்கம் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினார். அடிக்கத்தான் போகிறார் என்று சந்திரிகா நினைத்தாள். அவர் அவனை இறக்கி, தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். பிறகு பையைப் பிடுங்கினார். கனத்தைத் தாங்காமல் அது அவர் கையை இழுத்துக்கொண்டு கீழே போனது.

"இன்னாடா இதுல?"

"கரடிக்குட்டி வெயிட்டு வேணும்லப்பா."

அவர் ஜிப்பைத் திறந்தார். உள்ளே அவருடைய சோழர் நாவல்கள். வீட்டு அலமாரியில் அட்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தவை. ஐந்தாறு பாகங்கள் அடுக்கி, நடுவில் ஒரு துண்டைச் செருகியிருந்தான், அட்டை மடங்காமல் இருக்க. பொன்னுரங்கம் ஒன்றைக் கையில் எடுத்தார், திரும்ப உள்ளே வைத்தார்.

"சோழ ராஜாவக் கரடியா ஆக்கிட்ட நைனா" என்றார் கடைசியில்.

"கால்வாய் ஓரமா நடக்கவே முடியல மிஸ்" என்று செம்பியன் சந்திரிகாவிடம் ஒப்பித்தான். "பாதையே கெடையாது. எல்லாம் சுவரு, குப்பை. தெரு தெருவாச் சுத்தினு வரேன். எழுதினவங்க நடந்து பாத்திருக்க மாட்டாங்க."

"அப்ப இந்த ரயில் தூண் இல்லையேடா. வீடும் இவ்வளவு இருந்திருக்காது. அன்னிக்குக் கரை நடக்கிற மாதிரி இருந்திருக்கலாம்."

அவன் யோசித்தான். "இத்த நான் நினைக்கல" என்றான்.

"வண்டில ஏறு. அம்மா அழுதுனு கீது" என்றார் அப்பா.

"மயிலாப்பூர் வரைக்கும் நடந்துடுறேன்பா. பாதி வந்துட்டேன்."

கூடாது என்று சொல்ல வேண்டியவள் சந்திரிகாதான். அவள் பொன்னுரங்கத்தின் போனை வாங்கித் தலைமை ஆசிரியைக்குப் பையன் கிடைத்துவிட்டான் என்று சொன்னாள். பிறகு, "நான் கூட நடந்து வரேன் சார். நீங்க பையை எடுத்துட்டு முன்னால போங்க" என்றாள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பையை வண்டியின் டேங்க்மேல் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று, அவர்கள் வருகிறார்களா என்று பார்த்து, ஏதாவது திட்டிவிட்டு, மறுபடி கொஞ்சம் போவார். பையன் அறுந்த செருப்போடு நொண்டினான். டீச்சர் முழங்கால் பட்டையோடு நொண்டினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் உடம்பு அதற்குப் பழக்கமான களைப்பை அன்றுதான் கண்டது. மயிலாப்பூர்க் குளத்தங்கரைக்கு வந்து சேர்ந்தபோது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. டாக்டரிடம் நல்ல வசவு கிடைத்தது. ஒரு வாரம் படுக்கை.

திரும்பி வந்தபோது கரடிக்குட்டியின் புத்தகம் அலமாரியில் இல்லை. தலைமை ஆசிரியையின் மேசை இழுப்பறையில் இருந்தது.

"பொன்னுரங்கம் கம்ப்ளெயின்ட் ஒண்ணும் குடுக்கலை. அது நம்ம அதிர்ஷ்டம்" என்றார் சுப்புலக்ஷ்மி. "ஆனா நான் பயந்துண்டு உக்காந்திருந்தேனே, அந்த ஒரு மணி நேரம் எனக்குத்தான் தெரியும். புஸ்தகம்னா பசங்க ஒரு எடத்துல உக்காந்து படிக்கணும். எழுந்து ஓடப்டாது."

"ஓடினான்னா படிச்சிருக்கான்னு அர்த்தம் மேடம்."

"அந்த வியாக்யானமெல்லாம் அனந்தராமன் சார்கிட்ட சொல்லுங்கோ. திங்கக்கிழமை வரார்."

வந்தார். அலமாரியைப் பார்த்தார். ஒல்லி ஒல்லியாக நின்ற புத்தகங்களைப் பார்த்து முகம் சுருங்கியது. "ராஜா ஒருத்தர்கூட இல்லையேம்மா. நாடகக்காரன், உப்பளத்துக்காரன், ரயில் ரோடு போட்டவன்... இதெல்லாம் சரித்திரமா?" என்று சந்திரிகாவைக் கேட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். அதனால் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்போது எட்டாம் வகுப்பு உள்ளே வந்தது. செம்பியனின் பெயரைக் கேட்டதும் அவர் மலர்ந்தார்.

"பேஷ். இப்படிப் பேர் வெச்சுண்டு நீ கரடிக் கதைக்குப் போகலாமா?"

செம்பியன் அதைக் காதில் வாங்கவே இல்லை. "சார், நீங்க இந்த ஊருதானே? 1942-ல சிங்கத்தல்லாம் சுட்டாங்களா?"

அனந்தராமன் அலமாரியை விட்டு அவன் பக்கம் திரும்பினார். "நான் அப்பப் பொறக்கலை. எங்கப்பா சொல்லுவார். ஆத்தைப் பூட்டிண்டு கும்பகோணம் போயிட்டாளாம். மிருகங்களைச் சுட்டது வாஸ்தவம்தான். போலீஸ்காரா வந்து சுட்டதா சொல்லுவார்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"அது கதையா இருக்கும்."

"இருக்கும்னா? நிச்சயமாத் தெரியுமா சார்?"

அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. புறப்படும்போது இழுப்பறையில் இருந்த புத்தகத்தைத் தலைமை ஆசிரியையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாளில் திருப்பி அனுப்பினார். கூடவே போன் செய்தார். நடை சுமார், மூச்சு விடுவதற்குள் அத்தியாயம் முடிந்துவிடுகிறது, ஆனால் அலமாரியில் இருக்கட்டும் என்றார். மீதி நன்கொடையில் பாதிக்குச் சந்திரிகா இஷ்டப்படி, பாதிக்கு அவர் இஷ்டப்படி என்று ஒப்பந்தம் ஆயிற்று. ஒரு பெட்டி நிறைய அவருடைய தடிப் பாகங்கள் வந்து இறங்கின. யாரும் தொடப் போவதில்லை என்று சந்திரிகா அவற்றை மேல்தட்டில் அடுக்கினாள்.

செம்பியன் கரடிக்கதைக்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு புத்தகம் படித்தான். அப்புறம் தெருவில் யாரோ பந்தடிக்கக் கூப்பிட, அந்தப் பக்கம் போய்விட்டான். வீட்டில் சாப்பாட்டு நேரத்துச் சோழர் கதை மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது என்று அவனே ஒரு நாள் சொன்னான். அப்பா இப்போதெல்லாம் இரண்டு வரி சொல்லிவிட்டு, "இது நெசமானு தெரில" என்று தானே சேர்த்துக்கொள்கிறாராம். அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. முழங்கால் தேறியது. ஆனால் இனி தடை தாண்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நூலகருக்கான ஆள் வரவே இல்லை. காலையில் மைதானம், மதியத்துக்கு மேல் நூலகம் என்று சந்திரிகாவை இரண்டாகப் பிரித்தார்கள். மைதானத்தில் நிற்கும்போது மேல்மாடி ஜன்னலைப் பார்ப்பாள். மேலே இருக்கும்போது விசில் சத்தத்துக்குக் காது நீளும். எந்த இடத்திலும் முழுதாக இல்லை என்று வீட்டில் சொல்லிப் புலம்பினாள்.

அந்த மாதம்தான் ஹம்சா வந்தாள். வேறு பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பெண். யாரோடும் பேச மாட்டாள். சந்திரிகா தன் கைவரிசை எல்லாவற்றையும் காட்டினாள். தப்பி ஓடும் இடமாகப் பார்த்துப் படித்துக் காட்டினாள், ஒல்லியாக ஐந்து புத்தகங்களை எடுத்து முன்னால் பரப்பினாள். ஹம்சா தலையை ஆட்டிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மேல்தட்டிலிருந்து அனந்தராமனின் பாகங்களில் ஆகத் தடியானதை இறக்கினாள். அரண்மனை வாசலில் தொடங்கும் அதே புத்தகம்.

"அது ரொம்ப மெதுவாப் போகும்மா" என்றாள் சந்திரிகா.

"பரவால்ல மிஸ். சீக்கிரம் முடியாதுல்ல."

மதிய இடைவேளைகளில் யாரும் இல்லாத வகுப்பில் அந்தப் பெண் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சந்திரிகா பார்த்தாள். ஒரு பாகம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. ஆகஸ்டுக்குள் மேல்தட்டு தீர்ந்துபோயிற்று. இன்னும் வேண்டும் என்று வந்து நின்றாள். எதை வாங்குவது என்று சந்திரிகாவுக்குத் தெரியவில்லை. அந்த வகைப் புத்தகத்தில் ஒன்றைக்கூட அவளால் இருபது பக்கம் தாண்ட முடிந்ததில்லை. அனந்தராமனைப் போனில் கேட்டாள். அவர் குரலில் சந்தோஷம் வழிந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. ஆனாலும் அவர் சொன்ன பெயர்களைக் குறித்துக்கொண்டாள்.

ஹம்சாவின் அம்மாவிடம் அனுமதி வாங்கி, ஒரு சனிக்கிழமை அவளைத் தி.நகரில் ஒரு புத்தகக் கடைக்குக் கூட்டிப் போனாள். "நீயே பாத்து எடு. எனக்கு இது புரியாது" என்றாள். பெண் கடைக்கோடி அலமாரிக்குப் போய், இரண்டு பாகங்களை எடுத்துக்கொண்டு, தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

சந்திரிகா கடையை ஒரு சுற்று சுற்றினாள். சமையல் புத்தகங்கள், ஜோதிடம், போட்டித் தேர்வு. இன்னொரு சுற்று வந்தாள். ஹம்சா அசையவில்லை. வெளியே போய் டீ குடித்தாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களை வேடிக்கை பார்த்தாள். அடுத்த வாரம் மண்டலப் போட்டி இருந்தது, ரிலே ஓட நாலாவது பெண் இன்னும் கிடைக்கவில்லை. அதை யோசித்தபடி கடைக்குள் திரும்பி வந்தாள்.

"எதை எடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"இன்னும் ஒரு அத்தியாயம் மிஸ்."

சரி என்று சொல்லிவிட்டுச் சந்திரிகா மறுபடி வெளியே போனாள்.